கரையோர மக்களுக்கு ஓர் அறிவிப்பு

விண்ணரசி "ஹா" என்றாள். எதிரே வரிசையாக நின்றவர்களும் "ஹா" என்றார்கள். "ஹோ" என்றாள். "ஹோ" என்றார்கள். ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சத்தம் ஒரே சீராக எழுந்து, நெல் அவிக்கிற ஆவியோடு கலந்து, ஆலையின் தகரக் கூரையைத் தாண்டிப் போயிற்று. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. பின்வரிசை லோடுமேன்கள் தங்கள் கொட்டாவியையே "ஹா"வாக ஒப்படைத்துவிட்டார்கள். கடைசியாக எல்லோரும் கைகளைத் தூக்கிச் சிங்கம் மாதிரிச் சிரிக்க வேண்டும். விண்ணரசி நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டிக் காட்டினாள். முன்வரிசையில் நின்ற ஷமீரா மட்டும், அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததாலோ என்னவோ, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு லேசாகத் தோள் குலுங்கச் சிரித்துவைத்தாள்.

திருவையாற்றுச் சாலையில் இருக்கும் அந்த அரிசி ஆலைக்குச் சிரிப்பு வந்து சேர்ந்தது சித்திரை வெயிலோடுதான். அங்கே அரிசி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று, உங்கள் தொழிலாளர்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. பேக்கிங் ஷெட்டை ஒட்டிப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டலாம் என்று யாரோ சொன்னதற்கு, அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார் மேனேஜர் வைத்தியலிங்கம். சிரிப்புக்குச் செங்கல் சிமெண்டு தேவையில்லை. திருச்சியிலிருந்து ஒரு பயிற்சியாளர் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு வந்து, சிரித்தால் ரத்த அழுத்தம் குறையும், தூக்கம் வரும், சக ஊழியர்மேல் பிரியம் உண்டாகும் என்று விளக்கி, விதவிதமாகச் சிரித்துக் காட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே புறப்பட்டுப் போனார். தினமும் காலையில் இதை நடத்த ஒரு ஆள் வேண்டும். நேரத்துக்கு வருகிற ஆள் யார் என்று மேனேஜர் கேட்டபோது எல்லோரும் விண்ணரசியைக் கைகாட்டினார்கள். "சிரிக்கத் தெரியாத ஆளாப் பாத்துப் புடிச்சிருக்காங்க" என்றாள், ஷெட்டைக் கூட்டுகிற காளியம்மாள். அது உண்மைதான். விண்ணரசிக்கு எதையும் வரிசையாகச் செய்யத் தெரியும். பேக்கிங் ஷெட்டில் லேபிள்களை அடுக்குவதிலிருந்து, சாயங்காலம் திருவையாற்றில் கணக்கு வகுப்பில் ஒரே சந்தேகத்தை இரண்டு முறை கேட்டுத் தெளிவதுவரை. ஒரு பேச்சு முடிந்தபிறகு பஸ்ஸில் உட்கார்ந்து, தான் சொன்னதையும் சொல்லியிருக்க வேண்டியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். நாலு பேரைச் சிரிக்க வைக்க மட்டும் அவளால் ஒருநாளும் முடிந்ததில்லை.

அன்று காலைச் சிரிப்பு வகுப்பு முடிந்து ஷெட் சூடேறிய நேரத்தில்தான் அது நடந்தது. நிரப்பிய மூட்டைகள் பெல்ட்டில் நகர்ந்து வரும். ஷமீரா அவற்றின் வாயைச் சேர்த்துப் பிடித்துத் தையல் மெஷினுக்குள் விடுவாள். ஒரு மூட்டை வாய் திறந்தபடியே தாண்டிப்போய்க் கவிழ்ந்து, தரையெல்லாம் அரிசி. விண்ணரசி திரும்பிப் பார்த்தபோது ஷமீரா மெஷினின் இரும்புக் கம்பத்தில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்குகிறவள்போல் இருந்தாள். ஊசி சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் அவள் விரல்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு விண்ணரசிதான் கூடப் போனாள். சிறுநீரில் மறுபடியும் தொற்று, காய்ச்சல் வேறு. சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் படுக்கைதான் என்று டாக்டரம்மா கோபமாகச் சொன்னார்; தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது, இதற்கு மேல் மருந்து எழுத ஒன்றுமில்லை. ஆலைக்குப் போன் செய்தபோது மேனேஜர் தன் பங்குக்குச் சொன்னார்: இன்னொரு தடவை மயங்கினால் மெஷினில் உட்கார வைக்க முடியாது, விரல் போனால் யார் பதில் சொல்வது, வேறு இடத்தில் வேலையும் காலியில்லை. புருஷன் குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியபிறகு வீட்டுக்கு இருந்த ஒரே நிச்சயம் அந்த மெஷின்தான் என்பது விண்ணரசிக்குத் தெரியும். திரும்பும் பஸ்ஸில் ஷமீரா மாத்திரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"தண்ணி குடிச்சா போவணுங்க்கா. போவணும்னா அந்த மேடையத் தாண்டணும்."

"எல்லாருந்தானே தாண்டுறோம்?"

"நீங்க தாண்டுறீங்களா?"

விண்ணரசி தன் நாளை எண்ணிப் பார்த்தாள். காலையில் வீட்டில் போவது. பிறகு சாயங்காலம் வீட்டில். நடுவில் மதியச் சோற்றுக்குப் பிறகு வாய் கொப்பளிக்கிற தண்ணீரில் ஒரு மடக்கு உள்ளே போகும். இதை அவள் ஒரு பழக்கம் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தாள். பழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை. ஷெட்டில் ஒவ்வொரு பெண்ணின் பாட்டிலும் சாயங்காலம் பாதிக்குமேல் நிறைந்தே வீடு திரும்புவது இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஷெட்டுக்கும், ஏற்கெனவே இருந்த பழைய கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது லாரி மேடை. லாரி இல்லாத நேரத்தில் லோடுமேன்கள் அதில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் அந்தப் பக்கம் நடந்தால் அவர்களில் மூத்தவரான துரைக்கண்ணு யாரையும் பார்க்காமல் சொல்வார்: "மேட்டூர் தொறந்தாச்சுடோய்." உடனே ஒருவன் எத்தனை கன அடி என்று கேட்பான். இன்னொருவன், கடைமடைவரைக்கும் போவுமா என்பான். பீகாரிலிருந்து வந்த பையன்கள் ஒன்றும் புரியாமல், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆற்றுத் தண்ணீருக்காக ஆடிவரைக்கும் அண்ணாந்து கிடக்கிற ஊரில் அதைவிடப் பொருத்தமான கேலி கிடைக்காது. துரைக்கண்ணு கெட்டவர் இல்லை. மூட்டை ஏறும்போது அவர் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தால்தான் மற்றவர்களுக்கு முதுகு வலி தெரியாது. ஷமீரா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை நடந்தாள். போகும்போது மேட்டூர், திரும்பும்போது, "கல்லணைக்கு வந்து சேந்துடுச்சா?" அன்றைக்கு வந்து பாட்டில் மூடியை இறுகத் திருகியவள்தான், பிறகு திறக்கவில்லை.

விண்ணரசி முறைப்படி மேனேஜரிடம் போனாள். சொல்ல வேண்டியதை மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தாலும், அவர் அறையில் நாலாவது விதமாகத்தான் வந்தது. வைத்தியலிங்கம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் தமாஷுக்குச் சொல்றாம்மா. சிரிங்க சிரிங்கன்னு நாமளே ஆள் வச்சுச் சொல்லித் தர்றோம். தானாச் சிரிக்கிறவனப் போயி நிறுத்தச் சொல்லவா?" என்றார். 

துரைக்கண்ணுவிடம் நேராகவே கேட்டாள். அவர் நிஜமாகவே மனம் கோணிவிட்டார். நான் யாரையாவது பேர் சொல்லிச் சொன்னேனா, கை நீட்டினேனா, எனக்கும் வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள் என்றார். மறுநாள் அவள் வேண்டுமென்றே நடந்து பார்த்தாள். மேடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் பாதி தூரம் போனதும் ஒருவன் இருமினான். பிறகு இன்னொருவன். மேடை முழுக்க இருமியது. மேட்டூரைவிட அது மோசமாக இருந்தது. அதில் எதையும் சுட்டிக்காட்டிப் புகார் சொல்ல முடியாது.

அந்த வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். நிறுத்தச் சொன்னால் இருமுகிறார்கள். முறைத்தால் இன்னும் சிரிப்பார்கள். அப்படியானால் அந்தக் கேலியை அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் ஒரே வழி. அவளிடம் தினமும் காலையில் பத்து நிமிடம் இருந்தது. ஆலை முழுவதும் எதிரே நிற்கிற பத்து நிமிடம். ஆனால் வாங்கிக்கொண்டு என்ன செய்வது? அவள் சொல்லி யார் சிரித்திருக்கிறார்கள்? காளியம்மாளை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். கையை ஆட்டினாள், குரலை ஏற்றி இறக்கினாள், பயிற்சியாளர் மாதிரிக் கண்ணைச் சிமிட்டினாள். காளியம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"நீ சொன்னா ஜோக்குகூட ரேசன் கடைப் பலகையில எழுதிப் போட்ட மாதிரி இருக்குடி. இன்று சீனி கிடையாது."

விண்ணரசிக்கு முகம் சுருங்கியது. ஆனால் பஸ் பெரிய கோயிலைத் தாண்டும்போது அந்த வார்த்தையே அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. இல்லாத நடிப்பை எதற்குத் தேட வேண்டும்? இருக்கிற பலகைக் குரல் போதுமே.

மறுநாள் காலை "ஹா" "ஹோ" எதுவும் சொல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெள்ளக் காலத்தில் ஆட்டோவில் மைக் கட்டிப் படித்துக்கொண்டு போவார்களே, அந்தக் குரலில் தொடங்கினாள்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. பேக்கிங் ஷெட் நீர்த்தேக்கம் முழுக் கொள்ளளவை எட்டிவிட்டபடியால், இன்று முற்பகல் உபரி நீர் எந்த நேரத்திலும் திறந்துவிடப்படும். ஆகவே லாரி மேடையில் வசிக்கும் கரையோர மக்கள், தங்கள் பீடிக்கட்டு, வெற்றிலைப் பெட்டி மற்றும் கால்நடைகளுடன் மேடான பகுதிகளுக்குச் சென்றுவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஆற்றில் இறங்குவதோ, வேடிக்கை பார்ப்பதோ, செல்ஃபி எடுப்பதோ தடைசெய்யப்பட்டுள்ளது."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் காளியம்மாள் வெற்றிலைச் சாற்றோடு வெடித்தாள். பிறகு பெண்கள் வரிசை முழுவதும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்தது. விண்ணரசி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "இப்படிக்கு, பொதுப்பணித் துறை" என்று முடித்தபோது அவிக்கிற கொட்டகையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். அந்த முற்பகல், பெண்கள் நாலு நாலு பேராகக் கிளம்பினார்கள். முன்னால் போகிறவள் "கரையோர மக்களே" என்று குரல் கொடுப்பாள். மேடையிலிருந்தவர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எழுந்து உமிக் குவியல் பக்கம் போனார்கள். வெகுகாலமாக நிறைந்தே கிடந்த பாட்டில்கள் காலியாகி, மதியத்துக்குள் குடிநீர்க் கேனை மாற்ற வேண்டி வந்தது.

விண்ணரசி சந்தோஷமாகத் தையல் மெஷின் பக்கம் போனாள். ஷமீராவின் பாட்டில் காலையில் வைத்த இடத்தில், வைத்த மட்டத்தில் இருந்தது.

"சிரிப்பு வரலியா?"

"வந்துச்சுக்கா. எல்லாரோடயும் சேந்து சிரிச்சேன்." ஷமீரா அறுந்த நூலை ஊசியில் கோர்த்தபடி, தலை நிமிராமல் சொன்னாள். "மொதல்ல அவங்க சொன்னாங்க, இப்ப நீங்க சொல்றீங்க. நான் எந்திரிச்சா இன்னமும் ஆலைக்கே தெரியுதுல்ல, எதுக்குப் போறேன்னு."

அன்று கணக்கு வகுப்பில் விண்ணரசிக்கு ஒன்றும் ஏறவில்லை. தான் செய்தது தப்பா? இல்லை என்றுதான் பட்டது. தண்ணீர் குடித்த மற்ற பெண்கள் பொய்யில்லையே. சரியா? அதுவும் இல்லை. யாருக்காகத் தொடங்கினாளோ அவள் வாசலுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள். கேலியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியாயிற்று. அது சுட்டுகிற திசை மாறவில்லை. விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நொடியே ஊசிக்கு அருகில் கிடந்த அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. விடுவதாக இல்லை. ஆள் மாறினால் போதாது, பேச்சே மாற வேண்டும்; அவரவர் தன்னைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அப்படிப் பேசி ஆலையைச் சிரிக்க வைக்க இங்கே ஒரே ஆளால்தான் முடியும்.

துரைக்கண்ணு சாப்பாட்டு நேரத்தில் தனியாக உமிக் குவியல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு வந்த நாளிலிருந்து பையன்கள் அவரைக் 'கரையோரம்' என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். டீக்கடையிலும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டது. விண்ணரசி பக்கத்தில் நின்றதும் அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"நல்லாத்தான் இருந்துச்சு தங்கச்சி, நீ சொன்னது. நானும் சிரிச்சேன். ஆனா இப்ப எங்கயும் போயிச் சும்மா உக்கார முடியல. உக்காந்தா, எந்திரிச்சா, எல்லாத்துக்கும் ஒரு சிரிப்புச் சிரிக்கிறானுவ."

எங்களுக்கும் இப்படித்தானே இருந்தது என்று அதற்குச் சரியாகச் சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. நேற்றே தயார் செய்தது. அவர் முகத்தைப் பார்த்தபிறகு அது தேவையில்லை என்று பட்டது, விழுங்கிக்கொண்டாள். அந்தப் பேரைத் தொடங்கியவள் நான்தான், நாளைக் காலை எல்லோர் முன்னாலும் நிறுத்தச் சொல்கிறேன் என்றாள். பிறகு, போன கோடையில் அவர் சிறுநீரகக் கல்லால் நெல் களத்தில் புரண்டு துடித்ததும், வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதும் தனக்கு நினைவிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். "அந்தக் கல்லு கதையக் காலையில எல்லார்கிட்டயும் சொல்றீங்களாண்ணே? உங்க கதை மட்டும். வேற யாரு பேச்சும் வேணாம்." அவர் உமியைக் கிளறியபடி யோசித்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

மேனேஜரிடம் இந்த முறை ஒரே விதமாக யோசித்து, அதையே சொன்னாள். சிரிப்பு வகுப்பைப் பாதியாகக் குறைத்து, மிச்சப் பாதியை முற்பகலில் தர வேண்டும். மணி அடித்தால் மெஷின், லாரி, நெல் அவிப்பு எல்லாம் நிற்கும். ஆண் பெண் எல்லோரும் தண்ணீர் குடிப்பார்கள். எல்லோரும் எழுந்து போவார்கள். மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள், ஆண்கள் ஒதுங்கும் மறைப்பு இருப்பது எதிர்ப்பக்கம். வேலை நேரத்தில் குறைவதில்லை, சிரிப்பிலிருந்துதான் எடுக்கிறோம் சார் என்றாள். வைத்தியலிங்கம் மறுக்க ஒரு காரணம் தேடினார். புதுக் கழிப்பறைக்கு எழுதிய மனு ஒன்றையும் அவள் கூடவே நீட்டியதும், இரண்டில் சுலபமானதற்குத் தலையாட்டினார். மனுவை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை, கரையோரம் என்ற பேர் நேற்றோடு முடிந்தது என்று விண்ணரசி தன் பலகைக் குரலில் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. அப்புறம் மூட்டை தூக்கும் நேரத்துக் குரல் தானாக வந்துவிட்டது.

"டாக்டரு கேட்டாரு, தெனம் எவ்ளோ தண்ணி குடிப்பன்னு. சாயங்காலம் குடிக்கிறதயும் சேத்துச் சொல்லணுமா சார்னு கேட்டேன். அந்தாளு எந்திரிச்சே போயிட்டாரு. எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல புடிச்சுக் காட்டுறாங்க. கரிகாலன் கட்டுன கல்லணையத்தான் நீங்கள்லாம் பாத்திருப்பீங்க. நான் கட்டுனத அன்னைக்கு நான் பாத்தேன். அது வெளிய வர்றப்ப நான் போட்ட சத்தத்துல, பக்கத்துக் கட்டடத்துல வலி எடுக்காம கெடந்த பொண்ணுக்குத் தானாப் புள்ள பொறந்துருச்சு. இன்னமும் அந்தம்மா என்னையப் பாத்தா கையெடுத்துக் கும்புடுது."

அவர் எப்படி நடந்தார், எப்படி நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார் என்று நடித்துக் காட்டியபோது பீகார்ப் பையன்களுக்கும் முதல்முறையாக எல்லாம் புரிந்தது. ஆலை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஷமீரா துப்பட்டாவை வாயில் வைக்க மறந்து சிரித்தாள். முற்பகல் மணி அடித்ததும் மெஷின்கள் நின்றன. அந்த அமைதியில் எல்லோரும் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

ஷமீரா முதல் நாள் இரண்டு வாய் குடித்தாள். எழுந்து போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கூடியது. கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பினாள். மணி அடிக்காத நேரத்தில் பாட்டிலைத் தொட மாட்டாள். விண்ணரசி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் ஒரு அறிவிப்பு ஆகிவிடும்.

வைகாசி பிறந்தபின் ஒரு மத்தியானம். தகரம் உருகி ஒழுகிவிடும்போல வெயில். ஷமீரா பாட்டிலைத் திறந்து, நிறுத்தாமல், கடைசிவரை குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, "அக்கா, மெஷினக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு வெளியே இறங்கினாள்.

விண்ணரசி அவள் இடத்தில் உட்கார்ந்தாள். கறுப்பு அரிசியைப் பிரிக்கிற மெஷினின் இரைச்சலில் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது. வாசல் சட்டத்துக்குள் முற்றம் வெள்ளையாகத் தெரிந்தது. மேடையில் துரைக்கண்ணுவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஷமீரா பாதி தூரம் போயிருப்பாள். துரைக்கண்ணு ஏதோ சொன்னார். மேடை முழுவதும் பற்கள் தெரியச் சிரித்தது. என்ன சொன்னார்? தன் கதையையா, வேறா? விண்ணரசியின் உடம்பு எழுந்துகொள்ளப் பார்த்தது. தொடையில் கையை ஊன்றித் தன்னை உட்கார வைத்தாள்.

முற்றத்தின் நடுவில் ஷமீரா நின்றுவிட்டாள். மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். இங்கிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெயிலில் அவளுடைய நிழல் காலடிக்குள் சுருண்டு கிடந்தது. அவள் என்னவோ சொல்கிறாள் போலத் தலை அசைந்தது. மேடையில் சிரிப்பு நின்றது; ஒருவன் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டான். அதன்பிறகு அவள் கழிப்பறைப் பக்கம் நடந்தாள், அவசரமில்லாமல், சந்தைக்குப் போகிறவள் மாதிரி. விண்ணரசியின் கையில் மூட்டை வாய் நழுவி, தையல் கோணலாக ஓடி, விளிம்பைத் தாண்டியபிறகும் நிற்காமல், துணியில்லாத வெறுங்காற்றில் வெள்ளை நூல் பின்னிக்கொண்டே போயிற்று.